இரண்டாவது பானைக்கு நன்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் கம்போடியாவிலிருந்து சிங்கப்பூர் திரும்பினோம். டொன்லே சாப் ஏரிப் பக்கத்துக் கிராமத்தில் நாம் கொடுத்த 40 வீடுகளிலும் தண்ணீர் வடிகட்டும் மண்பானை இன்று வேலை செய்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவை பானை கொண்டுபோனபோது ஊரே கூடியது, படம் எடுத்தோம், மகிழ்ச்சியாகத் திரும்பினோம். மறுவருடம் போனால் 11 வீட்டில் பானை உடைந்து கிடந்தது. கழுவும்போது கை நழுவியது, பிள்ளைகள் தட்டிவிட்டது, இப்படித்தான். ஒரு பாட்டி, பானையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் குழாய் வாளியில் அரிசி போட்டு வைத்திருந்தார். பழையபடி குளத்துத் தண்ணீர்தான் குடிக்கிறார். உடைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கம்போடியாவில் இந்தப் பானைகளைப் பற்றி யுனிசெஃபும் உலக வங்கியின் நீர்த் திட்டமும் சேர்ந்து ஓர் ஆய்வே வெளியிட்டிருக்கின்றன. பானை உள்ள வீடுகளில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மாதாமாதம் நூற்றுக்கு இரண்டு பானை வீதம் பயன்பாட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது, பெரும்பாலும் உடைந்ததால். அதை முன்பே படித்திருந்தால் முதல் தடவையே கூடுதல் பானைகளோடு போயிருப்போம்.

அதற்கப்புறம்தான் உங்களிடம் மறுபடி வந்து நின்றேன். ஏற்கெனவே கொடுத்ததற்கே திரும்பவும் கேட்பது லேசில்லை. இந்த முறை திறப்பு விழா இல்லை, காட்டப் புதிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தீர்கள். அதனால்தான் இந்த மடல்.

வெளிநாட்டு உதவிக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும் என்பதால், தெரிந்தவர்களிடம் மட்டுமே கேட்டோம். தேக்காவில் காய்கறி விற்கும் அக்கா கல்லாவிலிருந்து எண்ணாமல் எடுத்துத் தந்தார். என் வீட்டுக்காரரோடு கட்டுமான வேலை பார்க்கும் தம்பிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைச் சம்பளத்தை அப்படியே சேர்த்து அனுப்பினார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைகளிடம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. "நாங்களும் கண்மாய்த் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்கதான், வாங்கிக்குங்கக்கா" என்றார் சிவகங்கைத் தம்பி.

தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்குத் தனி நன்றி. மேக்கோங் படுகையில் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது. பானை கிருமியைத் தடுக்கும், ஆர்செனிக்கைத் தடுக்காது. "சோதிக்காமல் எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் பானையில் ஊற்றச் சொல்லாதே" என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் சோதனைப் பெட்டியோடு போனோம். ஓர் அடிபம்பின் தண்ணீரில் சோதனைத் தாள் நிறம் மாறியது. அந்தப் பம்புக்குச் சிவப்புச் சாயம் பூசியாயிற்று. அதைச் சுற்றியுள்ள வீடுகள் இப்போது பெரிய ஜாடிகளில் மழைநீர் பிடித்து, அதை வடிகட்டிக் குடிக்கின்றன.

பானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். களிமண்ணோடு நெல் உமியைப் பிசைந்து வனைகிறார்கள். சூளையில் உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாகிறது. அதன்மேல் கிருமியைக் கொல்லும் வெள்ளிக் கரைசல் பூசுகிறார்கள். மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று லிட்டர் வரை சொட்டுச் சொட்டாக இறங்கும். 1981-ல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது இது. 1998-ல் மிட்ச் சூறாவளி அடித்தபின் நிகராகுவாவில் ரான் ரிவேரா என்ற குயவர் அதைக் கையில் எடுத்தார், காப்புரிமை எதுவும் கேட்காமல் நாடு நாடாகப் போய்க் கற்றுக்கொடுத்தார். நைஜீரியாவில் ஒரு பட்டறை அமைக்கப் போன இடத்தில் மலேரியா தொற்றி 2008-ல் இறந்துபோனார். அவருக்கு நம் நன்றி போய்ச் சேராது. என்றாலும் அவர் பெயரை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கும் நன்றி. 1963-ல் இங்கே ஏறக்குறைய பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது, கம்பத்து (கிராமத்து) பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் கொடுத்த பணத்தை முழுசாக என் கையில் வைத்துவிட்டார்.

2010 ஜூலை 28-ல் ஐநா பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் இன்னும் 220 கோடிப் பேருக்கு அப்படிப்பட்ட குடிநீர் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கணக்கைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் நாம் போன கிராமத்தில் ஒரு கெமர் பெண்மணி, மாதம் ஒருமுறை 40 வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பானையைப் பார்க்கிறார். சொட்டு குறைந்தால் மென்மையான தூரிகையால் தேய்க்கச் சொல்கிறார். பானைக்குச் சோப்பு கூடாது, வாளிக்குச் சோப்பு போடலாம் என்று சலிக்காமல் சொல்லித் தருகிறார். நாம் இங்கே நிம்மதியாகத் தூங்குவது அவரால்தான்.

உங்கள் பணத்தில் மீந்ததற்கு ஆறு பானை கூடுதலாக வாங்கி, அவர் வீட்டுப் பரணில் வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறோம். இனி உடைந்தால் நாங்கள் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

அரிசி போட்டு வைத்திருந்த பாட்டி, உங்கள் எல்லாருக்கும் பனைவெல்லம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிறு மாலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
யீஷூனிலிருந்து உங்கள் சகோதரி