நடைபாதையில் உறங்குவோரின் மூட்டைகளை அள்ளிச் செல்வதை நிறுத்தக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
பிராட்வே, என்.எஸ்.சி. போஸ் சாலை, வால்டாக்ஸ் சாலை நடைபாதைகளில் வாழும் குடும்பங்கள், சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள், மாநகராட்சி மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: விடியற்காலைப் பறிமுதலையும் உறங்கியதற்காகப் போடும் வழக்குகளையும் நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஆடி, ஐப்பசி, தை மாதங்களில் நேரில் கொடுத்த எங்கள் மூன்று மனுக்கள். (ஐப்பசி மனுவின் ஒப்புகைச் சீட்டு மூட்டையோடு லாரியில் போய்விட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. இரவு கடைகள் ஷட்டர் இறக்கியபின் படுப்பதும், காலையில் கடை திறக்குமுன் பாயைச் சுருட்டுவதும் மூன்று, நான்கு தலைமுறையாக இங்கே நடப்பது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. மாநகராட்சி லாரி வருவது விடியற்காலை நாலு மணிவாக்கில். பூ கட்டுபவர்களும் லோடு இறக்குபவர்களும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது. கம்பியில் கட்டி வைத்த சாக்கு மூட்டை, தார்ப்பாய், அடுப்பு, பாத்திரம் எல்லாம் குப்பையோடு குப்பையாக ஏறுகின்றன. பட்டியல் எழுதுவதில்லை, ரசீது தருவதில்லை.

2. போன பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மூட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருக்கும் காகிதங்கள்தான் எங்களை அழிக்கின்றன. ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு. இவை போனால் என்ன நடக்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள். ஆதாரை மறுபடி எடுக்க ஓ.டி.பி. வேண்டும், போன் மூட்டையில் போயிற்று. அதே எண்ணில் புது சிம் கேட்டால், கடைக்காரர் ஆதார் கேட்கிறார். சரி, கைரேகை வைத்து எடுக்கலாம் என்று மையத்துக்குப் போனால், மூட்டை தூக்கியும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. கருவிழியைப் பதியலாம், கண்புரை உள்ள கிழவிக்கு அதுவும் தகராறு. எல்லாம் தாண்டி அட்டைக்குப் பதிந்தால் அது தபாலில் வரும். தபால்காரர் எந்த விளக்குக் கம்பத்தைத் தேடுவார்? ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அதற்குள் ரேஷன் கடையில் மாதம் முடிந்துவிடும். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து எடுப்பவரின் மாத்திரையும் சீட்டும் அந்த மூட்டையில்தான். இடையில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறலாம் என்று டாக்டர்களே எச்சரிக்கிறார்கள். இவ்வளவையும் குப்பை என்று யார் முடிவு செய்தது? கொடுங்கையூர் குப்பை மேட்டில் போய்க் கிளறி எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

3. அடையாள அட்டை இல்லாதவர் அடுத்த ரோந்தில் சந்தேக நபர் ஆகிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு என்பார்கள். 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 128ஆம் பிரிவு. குற்றம் செய்யும் நோக்கத்தோடு தன்னை மறைத்துக்கொள்பவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவு அது. தெருவிளக்கின் கீழே, ஊரே பார்க்கப் படுத்திருப்பவர் எதை மறைக்கிறார் ஐயா? பிணைக்கு வர ஜாமீன்தாரருக்கு வீட்டு முகவரி வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவர்களும் பக்கத்து நடைபாதைக்காரர்கள்தானே. பிணை கொடுக்க முடியாதவர் உள்ளே போகிறார். கை நீட்டாதவரையும் 1945ஆம் ஆண்டு பிச்சை ஒழிப்புச் சட்டத்தைச் சொல்லி வண்டியில் ஏற்றுவது தனிக் கதை.

4. “காப்பகத்துக்குப் போங்கள்” என்கிறார்கள். ஒரு லட்சம் மக்களுக்கு வீடற்றோர் காப்பகம் ஒன்று, ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறப்பு என்பது அரசே வகுத்த விதி. நடப்பில் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம். வளர்ந்த மகனைத் தாயோடு சேர்ப்பதில்லை. சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டியை நிறுத்த இடமில்லை. மூன்று மணிக்கு லோடு இறக்கப் போக வேண்டியவருக்குக் கேட்டைத் திறந்துவிட ஆளில்லை.

5. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு அகற்று என்றது. அதையாவது செய்யுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. இரவு 10 முதல் காலை 6 வரை மூட்டையைத் தொட வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆள் இருக்கும்போது, பட்டியல் எழுதி, எண் கட்டி, ஒரு பிரதி கொடுத்து, 30 நாள் வார்டு அலுவலகத்தில் வைத்திருங்கள். காகிதங்களையும் மருந்தையும் அந்த இடத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத் தலைவரின் சான்றை ஆதாருக்கு முகவரியாக ஏற்கிறார்கள்; அந்தக் கையெழுத்தை வாங்கித் தர ஒரு முகாம், மாலையில், கருவிழிக் கருவியோடு நடத்துங்கள். வாக்காளர் பட்டியலுக்கு வீடற்றவரிடம் முகவரிச் சான்று கேட்பதில்லை; அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. ஓட்டுக்கு முகவரியாகும் நடைபாதை மற்றதற்கு மட்டும் ஏன் ஆகாது?

முகாம் பிறகு நடக்கட்டும், காப்பகம் பிறகு வரட்டும். மூட்டையை அள்ளுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள் ஐயா. நான்காவது முறையாகக் கேட்கிறோம்.

பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அலுவலகத்தில் கேட்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் யாரையாவது கொடுத்தனுப்புங்கள், எல்லாரும் இருப்போம்.

இப்படிக்கு,
நடைபாதைவாழ் மக்கள்

இணைப்பு: கையொப்பங்களும் கைநாட்டுகளும் (4 தாள்)