பிரெஷெரன் கட்டுரையில் விடுபட்ட பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்லோவேனியா பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். லுப்லியானா நகரின் நடுச் சதுக்கத்தில் நிற்கும் கவிஞர் பிரான்ஸே பிரெஷெரனின் சிலை, எதிரே ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும், அவர் காதலித்த யூலியா பிரிமிட்ஸின் உருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை உருகி உருகி எழுதியிருந்தார் கட்டுரையாளர். மகள் அங்கே படித்தபோது அந்தச் சதுக்கத்தில் நானும் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை.

பிரெஷெரன் காலத்தில் அங்கே ஆஸ்திரிய ஆட்சி. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஜெர்மன்தான். அந்த மண்ணின் மொழியான ஸ்லோவேனைக் குடியானவர் மொழி என்று படித்தவர்களே ஒதுக்கிய காலம். ஜெர்மனிலும் கவிதை எழுதத் தெரிந்த வக்கீல் பிரெஷெரன், பணக்கார வணிகர் வீட்டுப் பெண்ணான யூலியாவுக்கு 1834-ல் ஸ்லோவேனில் 15 பாடல்கள் எழுதினார். ஒன்றின் கடைசி அடி அடுத்ததன் முதல் அடியாகும், ஏறக்குறைய நம் அந்தாதிதான். கடைசிப் பாட்டின் அடிகளுடைய முதலெழுத்துகளைக் கூட்டினால் அவள் பெயர் வரும். ஊருக்கே தெரியும்படி அச்சிட்டும் விட்டார்! அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? 1839-ல் அவள் வேறொருவரை மணந்துகொண்டாள்.

கட்டுரை இதோடு நின்றுவிட்டது. அதே 1839-ல்தான் பிரெஷெரனுக்கும் ஆனா யெலோவ்ஷெக்குக்கும் முதல் குழந்தை பிறந்தது. ஆனா ஏழைப் பெண், வீட்டு வேலை செய்தவள். மூன்று குழந்தைகள் பிறந்தும் அவர் அவளை மணக்கவில்லை.

இன்று அவருடைய பாட்டின் ஒரு பகுதிதான் ஸ்லோவேனியாவின் தேசிய கீதம். கோப்பையை உயர்த்தி வாழ்த்தும் பாட்டு அது. அந்தப் பகுதியில் நாட்டின் பெயரே கிடையாது. எல்லா மக்களும் வாழட்டும், எல்லைக்கு அப்பால் இருப்பவன் பேயல்ல, அண்டை வீட்டுக்காரன் என்கிறது. இப்படி ஒரு கீதம் வைத்திருக்கும் நாட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் இறந்த பிப்ரவரி 8 அங்கே அரசு விடுமுறை. 2 யூரோ நாணயத்திலும் அவர்தான். சரி, கவிஞரைக் கொண்டாடட்டும். ஆனால் அவருடைய காதல் என்று பேச வரும்போது மட்டும் பெரிய வீட்டுப் பெண் போதும் என்று முடிவு செய்தது யார்?

பிரெஷெரனுக்கும் ஆனாவுக்கும் பிறந்த மகள் எர்னெஸ்டினா தையல் வேலை செய்து பிழைத்தவர். அப்பாவைப் பற்றிய நினைவுகளைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார். கட்டுரையாளர் அடுத்த வாரம் அவரைப் பற்றி எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை