எரிஉலைப் புகை: ஞாயிறு கூட்டத்துக்கு முன் படிக்கவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வந்தால் புகையை இரவும் பகலும் கண்காணிப்போம் என்பார்கள் அதிகாரிகள். சொல்லட்டும். புகைபோக்கியில் பொருத்தும் கருவி தூசி, கார்பன் மோனாக்சைடு போன்றவற்றை ஓயாமல் அளக்கும். நாம் அஞ்சுகிற டையாக்சின் (குப்பை எரியும்போது உண்டாகும் கொடிய நச்சு) அந்தக் கருவியின் திரையில் வராது. 2016 திடக்கழிவு விதிகள் அதற்கு வைத்த வரம்பு, நச்சுச் சமானக் கணக்கில் (பல டையாக்சின் வகைகளின் நச்சை ஒரே அளவாக மாற்றிக் கூட்டும் கணக்கு), கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். 6 முதல் 8 மணி நேரம் புகையை உறிஞ்சி, ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க முடியும். சோதனை நாள் முன்பே தெரிந்தால் அன்றைக்கு உலர்ந்த குப்பையாகப் பார்த்துப் போடுவார்கள் (என் சந்தேக புத்தி).

உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் வெப்பம் குறைவு. ஈரக் குப்பை மிகுந்தாலும் அப்படித்தான். வெப்பம் குறைந்தால் குப்பை சரியாக எரியாது; கெட்ட புகை அப்போதுதான் கிளம்பும். எனவே கூட்டத்தில் கேட்க வேண்டியது: முன்னறிவிப்பில்லாமல் மாதிரி எடுப்பார்களா? உலை நின்ற நேரங்களின் பதிவேட்டை நமக்குக் காட்டுவார்களா?

குப்பை மேட்டுப் புகையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நேரம், இடம், காற்று வீசிய திசை மூன்றையும் எழுதுங்கள். 'ஐயோ பாருங்கள்' என்று மட்டும் வந்த படங்கள் நாற்பதுக்கு மேல் பயனில்லாமல் கிடக்கின்றன.