நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. வகுப்பு, மெஸ், ரூம், மறுபடியும் வகுப்பு, இதற்குத்தானா மதுரை வரை வந்தேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. முதல் செமஸ்டர் எனக்கும் அப்படித்தான் போனது. போனில் இரண்டு பேரும் 'நல்லாருக்கேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலேஜில் இருக்கிற மன்றங்கள் பலவற்றையும் எட்டிப் பார்த்தேன். நாட்டு நலப்பணித் திட்டம் பிடித்திருக்கிறது, தொடர்ந்து போகிறேன். மற்ற இடங்களில் பேச்சு எப்படியோ சுற்றி சர்டிபிகேட்டில் வந்து நின்றுவிடுகிறது. டிசம்பர் கடைசியில் ஒரு சீனியர் அக்கா, "ஜனவரியிலிருந்து ராத்திரியில் கடற்கரையில் நடப்போம், வர்றியா?" என்று கேட்டார். ஆமை முட்டைகளைத் தேடி நடப்பது. 1988-இல் மாணவர்களே ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று சென்னையில் இன்றுவரை இதைச் செய்துகொண்டிருக்கிறது. சர்டிபிகேட் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

அம்மா முதலில் சம்மதிக்கவே இல்லை. வயசுப் பெண் விடிய விடிய கடற்கரையிலா என்று ஒரே சண்டை. திருவான்மியூர் சித்திதான் ஒரு சனிக்கிழமை தானே கூட வந்து நடந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார். இப்போது சனிக்கிழமையானால் ஹாஸ்டலில் எழுதிக் கொடுத்துவிட்டு சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

நீலாங்கரையில் கிளம்பி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். முதல் இரவு எங்களுக்குக் கிடைத்தது செத்து ஒதுங்கிய ஒரு பெரிய ஆமை மட்டும்தான். ஆமை மூச்சு விட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் இப்படி நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையில் ஒதுங்கியது செய்தியிலெல்லாம் வந்ததே. செய்தியாகப் படிப்பது வேறு, அதன் பக்கத்தில் நிற்பது வேறு. அன்று விடியும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் ஒரு வாரம் கொட்டிவாக்கம் தாண்டி மணலில் தடம் தெரிந்தது. டிராக்டர் டயர் போன மாதிரி, கடலிலிருந்து மேலே ஏறி, வளைந்து, திரும்பக் கடலுக்கே போயிருந்தது. அம்மா ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருந்தாள். மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். எங்களோடு வந்த அண்ணன் ஒரு கம்பை மெதுவாக ஊன்றி ஊன்றி மணல் எங்கே இளகியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு கையாலேயே தோண்டினோம். ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போல அகன்ற குழி, அதற்குள் நூற்றுக்கு மேல் முட்டைகள். கோழி முட்டை போல உடையாது, ஓடு தோல் மாதிரி லேசாக அமுங்கும். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்தேன். என் கை நடுங்கியது. நாய்கள் தோண்டித் தின்றுவிடும், ஆள் நடமாட்டமும் அதிகம் என்பதால்தான் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போய், அதே ஆழத்தில் அதே மாதிரி குழி தோண்டிப் புதைக்கிறார்கள். அதையும் அன்று இரவே செய்தாக வேண்டும். நேரம் கடந்தால் கரு உள்ளே ஒட்டிக்கொள்ளும், பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும்.

உனக்கு உயிரியல் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன்: பிறப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறதாம். சூடு கூடினால் பெண். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். சென்னைக் கரையில் தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிவிடும். ஆமை வருகிற இந்த மூன்று நான்கு மாதமாவது கடலோர விளக்குகளை ராத்திரியில் அணைத்தால் என்ன? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

கூட நடப்பவர்களில் அந்த சீனியர் அக்காவைத் தவிர யாரும் என் காலேஜ் இல்லை. பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், ஒரு ஸ்கூல் டீச்சர், ப்ளஸ் டூ படிக்கிற பையன். நான் என்ன மார்க், எந்த மீடியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பில் இங்கிலீஷில் பேச வாய் வராமல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த நான், போன வாரம் புதிதாக வந்தவர்களுக்குப் பொரிப்பகம் பற்றி விளக்கிச் சொன்னேன். தமிழில்தான். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகமும் கேட்டேன்.

ஏட்டி, மதுரையில் உனக்கும் இருக்கிறது. பசுமை நடை என்று ஒரு குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அதே அரிட்டாபட்டிதான். அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஹிஸ்டரி டீச்சர் போர்டில் எழுதிய அந்த எழுத்துகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பழகியவள் நீ. பாறையில் பார்க்க வேண்டாமா? யாரையும் தெரியாதே என்று தயங்காதே. எனக்கும் அந்த அக்காவைத் தவிர ஒருவரையும் தெரியாது.

மார்ச் கடைசியில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ராத்திரி மதுரையில் பொதிகையில் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். கூப்பிட நான் வருகிறேன், சித்தி வீட்டில் தங்கலாம். உன் பரீட்சை எப்போது முடிகிறது என்று உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும்.

உன் பெஞ்ச் தோழி