திருநீறு வேண்டாம், உருண்டை அனுப்பலாம்

கில்லீன், டெக்சாஸ்
ஆவணி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து அரபு நாட்டுப் பக்கம் போயிருக்கும் என் பெரியவனுக்கு முறுக்கு எப்படி அனுப்புவது, பத்து நாள் போன் வராவிட்டால் என்ன அர்த்தம், நம் அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் அவன் வர முடியுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது மூன்றாவதை மட்டும் விட்டுவிடு.

முதலில் முகவரி. நம் கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் '56 ஏபிஓ' என்கிற ராணுவத் தபால் முகவரி என்றால் யாருக்கும் புரியும். ஆள் லடாக்கில் இருக்கிறானா, சிக்கிமில் இருக்கிறானா என்று உறை சொல்லாது. இங்கேயும் அதே ஏற்பாடுதான். பெயர், படைப்பிரிவு, ஏபிஓ, அப்புறம் ஏஇ என்று இரண்டெழுத்து, 09-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் எல்லாவற்றுக்கும் ஏஇதான். அக்கறையில் நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதினால் காரியம் கெடும். பெட்டி ராணுவத் தபாலை விட்டு அந்த நாட்டுத் தபாலுக்குள் போய்விடும். கூரியர் கம்பெனிகளும் ஏபிஓவுக்குக் கொண்டுபோவதில்லை, அமெரிக்கத் தபால் துறை மட்டும்தான். ஆகவே வேலூரிலிருந்து கூரியரில் போடும் யோசனையை விட்டுவிடு.

இங்கே தபால் நிலையத்திலேயே 12க்கு 12க்கு 6 அங்குலப் பெட்டி சும்மா தருகிறார்கள். 70 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 32 கிலோ வரை, எவ்வளவு திணித்தாலும் ஒரே கட்டணம். கடல் தாண்டிப் போனாலும் உள்நாட்டு விலைதான், ஏபிஓவுக்கு அதிலும் கொஞ்சம் தள்ளுபடி. தொல்லையெல்லாம் சுங்கப் படிவத்தில். 'தின்பண்டம்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் ஏற்கமாட்டார்கள். 'அரிசி முறுக்கு, 2 பவுண்டு', 'பருத்திச் சாக்ஸ், 6 ஜோடி' என்று ஒவ்வொன்றாக எடையும் விலையும் போட வேண்டும். கையால் எழுதியது செல்லாது, கணினியில் அடித்து அச்செடுத்து ஒட்டவேண்டும். பன்றி இறைச்சி, மது இரண்டும் அந்தப் பக்கத்து நாடுகளுக்குக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவும் லைட்டரும் விமானத்தில் ஏறாது.

திருநீறு விஷயம் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடு. 2001-இல் இங்கே தபால் உறையில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி வைத்து அனுப்பியதில் ஐந்து பேர் செத்துப்போனார்கள். அதிலிருந்து உறையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி கசிந்தால் தபால் அறையைக் காலி செய்து, சோதிக்க ஆள் வரும்வரை எல்லோருடைய தபாலும் முடங்கும். கோயில் கயிறும் கையகல முருகன் படமும் போதும். சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு என்றால் சாமி பொருளுக்குத் தடை இல்லை.

இப்போது பலகாரம். பெட்டி போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும், சில சமயம் நான்கு. வழியில் 45 டிகிரி வெயிலில் கிடக்கும். தேங்காய் சேர்த்தது எதுவும் சிக்கு வாடை அடித்துவிடும். அதிரசம் எண்ணெய் கக்கிப் பெட்டியின் அடியை நனைக்கும். கைமுறுக்கு தூளாகத்தான் போய்ச் சேரும், அதற்குச் சின்னச் சின்னத் தேன்குழலும் தட்டையும் தேவலை. அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் பொட்டுக்கடலையைக் கொட்டிவிட்டால் ஆடாது, அதையும் சேர்த்துத் தின்பார்கள். சோப்பையும் பலகாரத்தையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டாலும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் தட்டை முழுக்க சோப்பு வாசனைதான். எல்லாவற்றிலும் உசத்தி பொருள்விளங்காய் உருண்டை. தேங்காய் இல்லை, ஈரம் இல்லை, சுவரில் எறிந்தாலும் உடையாது. நம் பாட்டிமார் ராணுவத் தபாலை நினைத்தே பிடித்தார்களோ என்னவோ. தீபாவளிக்குப் போய்ச் சேர ஒரு மாதம் முன்பே கட்டிவிட வேண்டும். படை திரும்புவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி அங்கே போகும், பிள்ளை இங்கே இருப்பான்.

அடுத்து, போன் வராதது. முகாமில் யாராவது இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ மொத்த முகாமுக்கும் இணையத்தையும் போனையும் வெட்டிவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு முறையாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வேறு யார் வாயாலும் சேதி போய்விடக் கூடாது என்பதற்காக. ஆக, ஒருவனுக்கு நேர்ந்தாலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் போன் அடிக்காது. படை இடம் மாறும்போதும் வெட்டுவார்கள். 2020 ஜனவரியில் ஈரானோடு சண்டை மூளுமென்று இருந்தபோது புறப்பட்ட 82-ஆவது வான்குடைப் படைப்பிரிவினரை செல்போனையே எடுத்துவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் என்று கணக்குச் சொல்ல முடியாது.

சாவுச் செய்தியை இங்கே போனில் சொல்வதில்லை. சீருடையில் இரண்டு பேர், ஒருவர் பெரும்பாலும் படைப் பாதிரியார், வீட்டுக்கே வந்து சொல்வார்கள். கல்யாணமான பிள்ளை என்றால் முதலில் மனைவிக்கு, அப்புறம்தான் பெற்றோருக்கு. காயம் என்றால் போன் வரும். அதனால் தெரியாத எண் என்று பயந்து எடுக்காமல் விடக் கூடாது. அவன் கூப்பிடும் எண்ணே ஒழுங்காகத் தெரியாது, நாம் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. இங்கே பெற்றவர்களுக்குப் பயம் போன் மீது இல்லை, வாசல் மணி மீதுதான். டெலிவரி பையன்களுக்கு 'மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போகவும்' என்று கதவில் சீட்டு ஒட்டியிருப்பார்கள். தெரிந்தவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். ராணுவத்தார் வருவது காலை 5 மணியிலிருந்து நள்ளிரவுக்குள்தான், அதற்கு மேல் வழக்கமில்லை. அந்த ஐந்து மணி நேரத்தைத் தூங்கவென்று ஒதுக்கிக்கொள் என்று அனுபவப்பட்ட தாய்மார்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான யோசனை கிடையாது.

டிவியும் அப்படித்தான். 2024 ஜனவரி 28-இல் ஜோர்டானில் டவர் 22 முகாமின் மேல் ட்ரோன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். செய்தி அன்றைக்கே வந்தது, பெயர்கள் மறுநாள்தான். குடும்பத்துக்குச் சொல்லி 24 மணி நேரம் கழித்துத்தான் பெயரை வெளியிடுவது வழக்கம். ஆகவே சன் டிவியில் ஏதாவது ஓடினால் உடனே எனக்கு அடிக்காதே, நான் லைனை விட்டுவைத்திருப்பேன். 'உங்கள் பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது, பணம் கட்டுங்கள்' என்று யார் பேசினாலும் திருட்டுப் பயல்தான். அவன் எந்த முகாம், எப்போது கிளம்புகிறான், எப்போது வருகிறான் என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவை.

மூன்றாவது கேள்வி. அவசரம் என்றால் நாம் முகாமுக்குப் பேச முடியாது, ரெட் கிராஸுக்குத்தான் சொல்ல வேண்டும். ராப்பகல் எடுப்பார்கள். அவன் முழுப்பெயர், ரேங்க், பிறந்த தேதி, படைப்பிரிவு எல்லாம் கேட்பார்கள், அது என்னிடம் இருக்கிறது. பிறகு டாக்டரைக் கூப்பிட்டு உண்மைதானா என்று உறுதி செய்துகொண்டு அதிகாரிக்குச் சேதி அனுப்புவார்கள். விடுவதும் விடாததும் அதிகாரி கையில். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். பாட்டி அந்தக் கணக்கில் வராது, அவனைப் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து வளர்த்திருந்தால் ஒழிய. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை நம் அம்மாவிடம்தான் அவன் வளர்ந்தான் என்பதற்குக் காகிதம் ஏதாவது இருக்கிறதா பார். பள்ளிக்கூடச் சேர்க்கையில் யார் கையெழுத்து, ரேஷன் கார்டில் பேர் இருந்ததா என்று தேடி வை. அம்மாவைப் பார்க்கும் டாக்டரின் பெயரும் நேரடி எண்ணும் எனக்கு அனுப்பு.

ஒன்று உனக்குச் சௌகரியம். குவைத், ஈராக், ஜோர்டான் எல்லாம் ஒரே மணி, உனக்கும் அவனுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். எனக்கு எட்டு. உனக்கு ராத்திரி 8 என்றால் அங்கே மாலை 5.30. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் போனை வை. வந்தால் வரும்.

உருண்டைக்கு ஒரு படி பயறுக்கு எவ்வளவு சுக்கு, வெல்லப் பாகு எந்தப் பதம் என்று அம்மாவிடம் கேட்டு எழுது. நான் பிடித்தது போன தடவை பெட்டி மூடும் முன்பே உதிர்ந்துவிட்டது.

உன் தங்கை