இரண்டு பேரிடமும் சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போன வாரம் போன் வரவில்லை, அதற்கு முந்தின வாரமும் வரவில்லை. வேலை இருக்கும். குறையாகக் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

சமரசம் பேசுகிற ஒரு அம்மாளிடம் உன் அண்ணன் என்னைக் கூட்டிப்போனான். நீ நினைப்பது போல வீட்டை விற்கிற ஏற்பாடு இல்லை. நான் எங்கே இருப்பது, யார் பார்த்துக்கொள்வது, பேங்க் கணக்கை யார் கவனிப்பது, அவ்வளவுதான். எனக்கு முதலில் கோபம். எத்தனை வீட்டுச் சண்டையை உட்கார்ந்து தீர்த்தவன் நான், என் வீட்டுக்கு ஒரு வெளியாளா என்று. ஆனால் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இவர் தீர்ப்பே சொல்வதில்லை. நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டதைத்தான் எழுதுவார். பிடிக்காவிட்டால் யாரும் பாதியில் எழுந்து போகலாம். ஒரு ஏற்பாட்டை ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் மறுபடி உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாமாம்.

என்னைக் கேட்டதற்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னான். 'அப்பாவுக்குக் காது மந்தம்' என்றான். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்து என் வலது காதுப் பக்கம் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை நிதானமாக இன்னொரு தரம் கேட்டார். 'உங்களுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?' என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! எனக்குப் பதிலே வரவில்லை.

அப்புறம் அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினார். நான் சம்மதிக்காமல் எதையும் அவனிடம் சொல்ல மாட்டாராம். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்கிறேன். 'அண்ணி முகம்கொடுத்துப் பேசுவதில்லை, என்னால் இங்கே இருக்க முடியாது' என்று உன்னிடம் அழுதேனே, அதே வாரம் அவனிடம், 'பாப்பா தூரத்தில் இருந்துகொண்டு சட்டம் பேசுகிறாள், எனக்கு நீதான் எல்லாம்' என்றேன். இரண்டு பேரும் என்னை விட்டுவிடக் கூடாதே என்ற பயம். உன் அண்ணி பாவம், இன்றைக்கும் காதில் சொட்டுமருந்து விட்டது அவள்தான். நீயும் அண்ணனும் பேசாமல் இருப்பது பீரோ சாவிச் சண்டையால் இல்லை பாப்பா, நான் இப்படிச் சொன்னதால்தான்.

அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த தடவை நீயும் இருந்தால் சொல்லிவிடுவேன். வீடியோவில் வந்தால் போதுமாம், உன்னிடமும் முதலில் தனியாகப் பேசுவாராம். நீ நியாயம் பேசத் தெரிந்தவள், அதில் எனக்குப் பெருமைதான். பாதிப் பேச்சில் போனை வைப்பவளும் நீதான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போன் பண்ணினால் கொஞ்ச நேரம் அடிக்க விடு, எழுந்து வர நேரமாகிறது.

அப்பா