1946

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் ஆடியில் எழுதுகிறேன், திட்டாதே. முட்டிவலி பரவாயில்லை. மகள் பெங்களூரிலேயே இருக்கிறாள். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.எட். படிக்க வந்திருக்கும் டீச்சர் ஒருவர், செங்குன்றம் பக்கம் பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவர், ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டேன். 52 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது! பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 40-ஐத் தாண்டி 60 வரை போனால் திருத்திக் கொடுக்கவே ஓராண்டு தடை. நல்லவேளை, இது வரைவுதான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் ‘கூறியது கூறல்’ ஒன்று. பிறர் கூறியதைக் கூறினால் பிடிக்க மென்பொருள் வரவேண்டியிருந்தது.

ஒரு பிடி பிடிக்கலாம் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில், கோத்தாரி கல்வி ஆணையம் அமைக்கப்பட்ட ஆண்டு 1946 என்று இருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. 1964டா அது! கன்னிமாரா நூலகத்தில் அந்த மூலை மேசை, நம் ஆய்வேட்டுக்காக நீ படிக்கப் படிக்க நான் எழுதியது, தூக்கக் கலக்கத்தில் எண் புரண்டது... நம் வழிகாட்டி டஸ்டர் சாரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாரே. எத்தனை ஆய்வேடு ஏறி இறங்கி இவரிடம் வந்ததோ!

அப்புறம் திட்ட வாய் வருமா? “இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையனாம். அப்பாவின் காய்கறி வண்டியில் நின்று முக்கால் கிலோ, கால் கிலோ விலையைப் பட்டென்று சொல்கிறான். நோட்டில் பின்னம் என்றால் திணறுகிறான். பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். ஏட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. ‘கணித மனப்பான்மை’, வினாத்தாள், டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கு, அவ்வளவுதான்.

“இதையே எழுதுங்கள்” என்றேன்.

“‘ஆய்வாளர்’னு போடணுமா சார், ‘நான்’னு போடலாமா?”

எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. மேற்கோள் குறி எங்கே, மேற்கோள் காட்டும் ஏபிஏ முறையில் ஆண்டு எங்கே என்று வருடாவருடம் நடத்துகிறேன். நாலு பேர் சொன்னதற்குப் பக்கத்தில் உங்கள் வகுப்பறையில் பார்த்ததையும் வையுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானே அப்படி எழுதியதில்லையே. “போடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் என்ன சொல்வாரோ, அதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

1946-ஐ மட்டும் நானே அடித்துத் திருத்தினேன். யார் செய்த பிழை என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் அந்த நீள நோட்டு இருந்தால் எடுத்துப் பார்டா. நாம் யாரைப் பார்த்து எழுதினோம்?

உன்,
சைதாப்பேட்டைக்காரன்